உப்பில் இருக்கிற அதே குளோரின்

மார்ச் 3

டீச்சருக்கு,

உங்கள் அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. நான்காவது முறை உங்கள் அம்மா எடுத்தார், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர். உங்கள் வீட்டிலாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

எனக்கு ஓர் உதவி வேண்டும். அதுவும் எழுத்தில். லாட்ஜ் மேனேஜர் ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கிறார். "தரை கழுவும் இரண்டு மருந்துகளையும் சேர்த்து ஊற்றியது எங்கள் சொந்த யோசனை, நிர்வாகம் எச்சரித்தும் கேட்கவில்லை" என்று அதில் டைப் அடித்திருக்கிறது. நான் போடவில்லை. ஏப்ரல் 17 அன்று தொழிலாளர் அதிகாரி விசாரிக்கப் போகிறார். போடாவிட்டால் போலீஸ் கேஸ் என் பேரில்தான் திரும்பும் என்று மேனேஜர் மிரட்டுகிறார்.

நடந்ததை நீங்கள் ஒருமுறைகூட என் வாயால் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். பிப்ரவரி 11, காலை பத்து மணி இருக்கும். இரண்டாவது மாடி, பன்னிரண்டாம் நம்பர் அறை. பாத்ரூம் தரையில் பழுப்புக் கறை. மேனேஜர் வாசலில் நின்றுகொண்டு, "பத்து நிமிஷத்துல பார்ட்டி வந்துரும், பளிச்சுனு இருக்கணும்" என்றார். நான் நீல மூடி பாட்டிலில் இருந்த பிளீச்சை ஊற்றி ஊறவிட்டேன். அதற்குள் அடுத்த அறைக்குப் படுக்கை விரிக்கக் கூப்பிட்டார்கள், போனேன். உங்கள் அண்ணன் உள்ளே போய், கறை போகவில்லை என்று சிவப்பு மூடி பாட்டிலில் இருந்த ஆசிட்டை அதன் மேலேயே ஊற்றியிருக்கிறார். அந்த ஜன்னலை ஆணி அடித்து மூடிவிட்டார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடி வருஷக்கணக்காகிறது. நெடி வெளியே வரக் கூடாதென்று கதவையும் சாத்திக்கொண்டார்.

இருமல் சத்தம் கேட்டு ஓடினேன். மஞ்சளும் பச்சையுமாகப் புகை மாதிரி. இழுத்து வெளியே போட்டேன். அவரே எழுந்து படியிறங்கினார். தண்ணீர் குடித்தார். "ஒண்ணுமில்ல, நெஞ்சு கொஞ்சம் எரியுது" என்றார். சாயங்காலம் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் காலை போய்விட்டார். நெஞ்சுக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டது, குளோரின்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார்.

இரண்டு பாட்டிலிலும் பேர் எழுதியிருக்கவில்லை. பெரிய கேனிலிருந்து காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தருவார்கள். மூடியின் நிறம்தான் அடையாளம்.

நான் கேட்பது இதுதான். மேனேஜர், "குளோரினால யாரும் சாக மாட்டாங்க, அது நாம திங்கற உப்புலயே இருக்கு" என்கிறார். குட்டியின் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் பார்த்தேன். உப்பில் குளோரின் இருப்பதாகத்தான் போட்டிருக்கிறது. அப்படியென்றால் இவரைக் கொன்றது எது?

உங்கள் அண்ணி

*

மார்ச் 9

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். அம்மாவுக்குத் தெரியாது.

பதினைந்து வருஷமாக என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டீர்கள். இப்போது நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும். எனக்கும் அதுதான் சௌகரியம்.

கேட்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. வருஷக்கணக்காக அந்த வேலை செய்கிறீர்கள். பாதியில் விட்டுவிட்டுப் போகும்போது, "உள்ள பிளீச் ஊத்தியிருக்கேன்" என்று அண்ணாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாதா? ஒரே ஒரு வார்த்தை. அம்மா தினமும் இதைத்தான் கேட்கிறார். நானும் அவரோடு சேர்ந்துதான் கேட்கிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில். ஒரே வகை அணுக்களால் மட்டும் ஆன பொருள் தனிமம். வெவ்வேறு வகை அணுக்கள் குறிப்பிட்ட விகிதத்தில் வேதியியல் முறையில் இணைந்து உண்டாவது சேர்மம். குளோரின் ஒரு தனிமம். உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, ஒரு சேர்மம். சேர்மத்தின் பண்புகள் அதிலுள்ள தனிமங்களின் பண்புகளிலிருந்து மாறுபட்டிருக்கும். ஆகவே மேனேஜர் சொல்வது தவறு.

விசாரணைக்கு இது போதும் என்று நினைக்கிறேன். குட்டிக்கு முழுப் பரீட்சை எப்போது?

இப்படிக்கு

*

மார்ச் 14

டீச்சருக்கு,

நான் சொல்லவில்லை. அவர் அந்தப் பக்கம் வருவார் என்று எனக்குத் தெரியாது. அவருக்குக் கீழ் மாடியில் வேலை. மேனேஜர்தான் மேலே அனுப்பியிருக்கிறார். ஆனாலும் சொல்லியிருக்கலாம். படுக்கை விரிக்கும் முன் எட்டிப் பார்த்து வாயைத் திறந்திருக்கலாம். நீங்கள் கேட்பதற்கு முன்பே இதை நான் ஆயிரம் முறை கேட்டுவிட்டேன்.

லாட்ஜில் என்னை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒரு லாண்டரியில் இஸ்திரிப் பெட்டி போடுகிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் துணி மூட்டை மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், கோணலாக இருக்கும்.

நீங்கள் எழுதியதைப் பாடமாகச் சொன்னேன், மேனேஜர் முன்னால் அது எடுபடவில்லை. பாக்கிச் சம்பளம் கேட்கப் போனபோது, வரவேற்பு மேசையில் நான்கு பேர் இருந்தார்கள். சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பைக் கொண்டுவரச் சொல்லி, உள்ளங்கையில் வைத்து நக்கிக் காட்டினார். "பாருங்க, குளோரின் தின்னுட்டேன். செத்தேனா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "அது சேர்மம்" என்றேன். "சேர்மமோ கீர்மமோ, குளோரின் இருக்கா இல்லையா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை டீச்சர். புத்தகப் பேச்சு வேண்டாம். தனிமம் என்றால் தனியாக இருப்பது என்று நினைத்துக்கொண்டேன். குட்டியின் புத்தகத்தில் குளோரின் வாயு என்று படம் போட்டிருக்கிறது. அதில் இரண்டு உருண்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு சேர்ந்தால் சேர்மம்தானே? குட்டி, "இல்லம்மா, அது மூலக்கூறு" என்கிறாள். மூலக்கூறு வேறு, சேர்மம் வேறா? அவளுக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. "அத்தைகிட்ட கேளும்மா" என்கிறாள். அவளுக்குப் பரீட்சை ஏப்ரல் ஆறில் தொடங்குகிறது.

இன்னொன்று. அந்த வாரத்தில் அவர் உங்களோடு போனில் பேசினாரா? பேசியிருந்தால் என்ன பேசினார்? சும்மாதான் கேட்கிறேன்.

அண்ணி

*

மார்ச் 22

அண்ணிக்கு,

குட்டி சொன்னது சரி. மூலக்கூறு வேறு, சேர்மம் வேறு. என் வகுப்பில் பாதிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுவார்கள்.

அணு என்பது ஒரு தனி ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணுக்கள் கைகோத்து ஒரு குழுவாக நின்றால் அது மூலக்கூறு. எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது மூலக்கூறைப் பற்றிய கேள்வி. எந்த இனத்தார் நிற்கிறார்கள் என்பதுதான் தனிமமா சேர்மமா என்ற கேள்வி. குளோரின் வாயுவில் இரண்டு அணுக்கள் ஒட்டி நிற்கின்றன, இரண்டும் குளோரின்தான். அதனால் அது மூலக்கூறு, ஆனாலும் தனிமம். தண்ணீரிலும் மூலக்கூறுதான், ஆனால் அதில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்து நிற்கின்றன. அதனால் சேர்மம்.

உப்பில் இருக்கும் சோடியம், தனியாக இருந்தால் தண்ணீர் பட்டாலே சீறித் தீப்பிடிக்கும் உலோகம். குளோரின், தனியாக இருந்தால் நுரையீரலை வேகவைக்கும் வாயு. இரண்டும் சேர்ந்து உப்பாகிவிட்டால் அந்தத் தீயும் இல்லை, அந்த விஷமும் இல்லை. பெயர் மட்டும்தான் மிச்சம் இருக்கும். மேனேஜர் நக்கியது பெயரைத்தான்.

பிளீச் ஒரு சேர்மத்தைத் தண்ணீரில் கரைத்தது. ஆசிட்டும் அப்படித்தான். இரண்டிலும் குளோரின் கட்டுண்டு கிடக்கிறது. ஒன்றன் மேல் ஒன்றை ஊற்றினால் கட்டு அவிழ்ந்து, குளோரின் தனிமமாக வெளியே வந்துவிடும். தரையில் மிஞ்சுவது உப்பும் தண்ணீரும் மட்டும்தான். வாயுவாகக் கிளம்பும் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஓர் அணு பிளீச்சிலிருந்து வந்தது, இன்னொன்று ஆசிட்டிலிருந்து வந்தது. உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அது அப்படித்தான்.

இதுவரை பதினெட்டாம் தேதி எழுதினேன். நான்கு நாளாக இந்தத் தாள் பாடக் குறிப்பேட்டுக்குள் இருந்தது. கடைசியாக நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதாமல் அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். உறையில் விலாசம்கூட எழுதிவிட்டேன்.

பேசினார். பிப்ரவரி எட்டாம் தேதி மதியம். ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "டீச்சர், ஒரு சந்தேகம். நம்ம பிளீச்சுல குளோரின் இருக்காமே, அது ஆபத்தாமே?" என்றார். "அண்ணா, உப்புல இருக்கற அதே குளோரின்தான். தினம் தின்னுட்டுத்தானே இருக்கோம்" என்றேன். சிரித்தார். பிறகு, "அதோட மேல ஆசிட்ட..." என்று ஆரம்பித்தார். "ஒண்ணும் ஆகாது அண்ணா, நான் பேப்பர் திருத்திட்டு இருக்கேன், வைங்க" என்று வைத்துவிட்டேன்.

ஆசிட் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். விழுந்தது அண்ணி. அப்போது நான் திருத்திக்கொண்டிருந்த கேள்வி, தனிமத்துக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாடுகள் நான்கு எழுதுக. ஒரு பெண் மூன்றுதான் எழுதியிருந்தாள். அரை மதிப்பெண் குறைத்தேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும்.

*

மார்ச் 27

எனக்குத் தெரியும்.

பதினோராம் தேதி காலை, வேலைக்குப் படியேறும்போதே அவர் சொன்னார். "டீச்சரையே கேட்டுட்டேன். ரெண்டையும் போட்டா ஒண்ணும் ஆகாதாம். உப்புல இருக்கற அதே குளோரின்தானாம்." உன்னைப் பற்றிப் பேசும்போது அவருக்கு வரும் பெருமை உனக்குத் தெரியுமே. எனக்கு ஆசிட் நெடி ஆகாது, எப்போதும் அவரைத் திட்டுவேன். அன்று திட்டவில்லை. படித்தவள் சொல்லிவிட்டாளே என்று இருந்துவிட்டேன்.

அவரைக் கிடத்தியிருந்தபோது, எல்லோர் முன்னாலும் என் முடியைப் பிடித்து "என் அண்ணன முழுங்கிட்டியேடி" என்று நீ கத்தினாய். எனக்கு அப்போது குரலே இல்லை. அவரை இழுத்தபோது நானும் அந்தப் புகையை விழுங்கியிருந்தேன், தொண்டை வெந்து போயிருந்தது. அதனால் பேசவில்லை என்று வைத்துக்கொள். ஆனால் பத்து நாளில் குரல் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. உன் அம்மா உன் தோளில் சாய்ந்துகொண்டு நின்றதைப் பார்த்தேன். ஒரு பிள்ளை போய்விட்டது, இன்னொன்றையும் அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. பெரிய மனசு என்று நினைத்துவிடாதே. தினமும் உன்னைச் சபித்துக்கொண்டேதான் இருந்தேன்.

அப்புறம் ஏன் உன்னிடமே கேட்டேன் என்றால், நீ சொன்னது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. நீ அவரிடம் சொன்னதைத்தான் மேனேஜரும் சொல்கிறார், எழுத்து மாறாமல். நீ சொன்னது சரியென்றால் உன் மேல் தப்பில்லை, பழி முழுக்க என்னுடையதுதான். அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. பெயர் சரி, பொருள் தப்பு.

ஓர் அணு என்னுடையது, ஓர் அணு அவருடையது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

ஏப்ரல் பதினேழாம் தேதி விசாரணைக்கு வா. எங்கள் சொந்த யோசனை இல்லை, படித்த ஒருத்தியைக் கேட்டுத்தான் செய்தார் என்று சொல். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. ஒன்றரை மாதமாக அவர் ஒருத்தியை மட்டுமே வெறுத்துக்கொண்டிருக்கிறார். என்னால் இனிமேல் அதைத் தாங்க முடியாது.

*

ஏப்ரல் 6

அண்ணி,

வேதியியல் விளக்கத்தை இரண்டு பக்கத்தில் எழுதி, பள்ளி முத்திரை வைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போன் பேச்சு அதில் இல்லை.

தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "நீங்களா போய் ஏன் தலையைக் குடுக்கறீங்க? கெமிஸ்ட்ரி டீச்சரே இப்படிச் சொன்னாங்கன்னு பேப்பர்ல வந்தா, நாளைக்கு எந்தப் பெத்தவங்க நம்ம ஸ்கூல்ல பிள்ளையைச் சேப்பாங்க?" என்றார். கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் சொல்கிறார்.

வேலைகூடப் பெரிதில்லை. அம்மா இப்போது நான் எடுத்துக் கொடுத்தால்தான் மாத்திரை போட்டுக்கொள்கிறார். காலையில் எழுந்ததும் உங்களைத் திட்ட ஆரம்பிப்பார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். நடுவில் நிறுத்தி, எனக்கு வரவேண்டிய திட்டு இது என்று சொல்ல தினமும் வாயெடுக்கிறேன். "என்னடி?" என்று நிமிர்ந்து பார்ப்பார். "ஒண்ணுமில்லம்மா, தண்ணி குடிங்க" என்பேன்.

வருவேன் என்று எழுத மாட்டேன். எழுதிவிட்டு வராமல் போனால் அதைவிடக் கேவலம் இல்லை.

மறுபடி நீ என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் தகுதியில்லை, ஆனாலும் நான்கைந்து முறை எடுத்துப் படித்தேன்.

*

ஏப்ரல் 21

டீச்சர்,

விசாரணையின் பாதியில் நீ எழுந்து போய்விட்டாய். அதற்கு மேல் நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

நீ அம்மாவோடு உள்ளே வந்தபோது நான் நிமிரவில்லை. நீ பேசி முடிக்கும்வரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆசிட்னு அவர் சொன்னது என் காதுல விழுந்துச்சு, விழுந்தும் வெச்சிட்டேன்" என்று சொன்னாயே, அப்போதுதான் அம்மாவைப் பார்த்தேன். அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

அதிகாரி உன்னிடம் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "இது உங்க குடும்ப விஷயம்மா. தங்கச்சி போன்ல என்ன சொன்னாங்கறது இந்த விசாரணைக்கு வராது. பாட்டில்ல பேர் ஒட்டியிருந்துச்சா, இல்லையா? அது தெரிஞ்சா சொல்லுங்க." எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா நீ பேசிய இரண்டு வரியையும் அடித்துவிட்டார். உன் முகம் எப்படிப் போனது என்று பார்த்தேன். நீ அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே போனாய். நான் கூப்பிட்டேன், கேட்டிருக்காது.

மேனேஜர் புதுப் பாட்டில்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் பேர், மண்டையோட்டுப் படம் வேறு. முதலிலிருந்தே இப்படித்தான் என்றார். அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர், "எதை ஊத்தினீங்க, கொண்டாங்க" என்று கேட்டதால் நான் ஓடிப்போய் அந்த இரண்டு பாட்டிலையும் எடுத்துக் கொடுத்திருந்தேன். "பெயர் ஒட்டாத தண்ணீர் பாட்டில்கள் இரண்டு" என்று கேஸ் ஷீட்டிலேயே டாக்டர் எழுதி வைத்திருக்கிறார். அதிகாரி அதைச் சத்தமாகப் படித்தார்.

மேனேஜர் மறுபடி உப்புக் கதையை எடுத்தார். நான் எழுந்தேன். "சார், உப்புல இருக்கறது சேர்மம். அன்னைக்கு என் வீட்டுக்காரர் மூச்சுல போனது தனிமம். பேர் ஒண்ணா இருந்தா பொருளும் ஒண்ணாயிடாது. இவரு சொல்றது நெசம்னா, அந்த ரெண்டு பாட்டிலையும் இந்த ரூம்ல ஊத்தச் சொல்லுங்க. கதவைச் சாத்திக்கிட்டு இவரும் நானும் மட்டும் இருக்கோம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. உன் இரண்டு பக்கத்தை அதிகாரி கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

தவறு நிர்வாகத்துடையது என்று எழுதியாகிவிட்டது. என் பேரில் கேஸ் இல்லை. மேனேஜரை வேறு கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள். லாட்ஜ் மறுநாளே வழக்கம்போலத் திறந்துவிட்டது. அங்கே வேலை செய்கிறவளைப் பார்த்தேன், பன்னிரண்டாம் நம்பர் ஜன்னலில் ஆணி இன்னும் அப்படியே இருக்கிறதாம்.

எல்லோரும் போன பிறகும் அம்மா பெஞ்சைவிட்டு எழவில்லை. நீ கீழே காத்திருப்பாய் என்று நினைத்தேன். தேடினேன், இல்லை. "வாங்க போலாம்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, ஆனால் பின்னாலேயே நடந்து வந்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும் முன்னால் போய் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு பேருமாச் சேந்துதான் செஞ்சிருக்கீங்க" என்றார்.

இங்கேயே இருக்கிறார். குட்டி பக்கத்தில் படுத்துக்கொள்கிறார். அவளோடு மட்டும் பேசுகிறார். உன் பேரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். எனக்காவது அவர் திட்டு பழகிவிட்டது, உனக்கு இனி அதுவும் கிடைக்காது. இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை.

அம்மாவுடைய துணிகளை அனுப்பு. மாத்திரைச் சீட்டையும் வை. மூக்குக் கண்ணாடி உன் வீட்டு டிவி மேல் இருக்கிறதாம், துணிக்கு நடுவில் வைத்துக் கட்டு, உடைந்துவிடாமல். பார்சல் ஆபீஸ் சனிக்கிழமை ஒரு மணி வரைதான்.

நீயே எடுத்துக்கொண்டு வர வேண்டாம். இந்த மாதம் வேண்டாம்.

அண்ணி